சாமி அறையில் ஒரு ரௌட்டர்

முதல் ரௌட்டருக்குக் கரண்ட் கொடுத்ததும் அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்து, பிளெண்டரை யார் போட்டது என்று கேட்டார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பிளெண்டர் அவர் கண்ணெதிரே சும்மாதான் இருந்திருக்கும். சத்தம் போட்டது என் கட்டிலின் மேல் கிடந்த ஒரு தகரப் பெட்டி. அதற்குள் இருந்த குட்டி ஃபேன்கள் போட்ட ஊளையில் நான் சொன்ன பதில் அம்மாவுக்குக் கேட்கவில்லை, அவர் திட்டியது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், வேலி வழியாக எட்டிப் பார்த்து, வீட்டுக்குள் ஃபேக்டரி திறந்துவிட்டீர்களா என்று சிரித்துக்கொண்டே விசாரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டியைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகியிருந்தது.

அப்போது நான் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் சுங்கை வேயில் ஒரு கம்பெனியின் ஹெல்ப்டெஸ்க்கில் இருந்தேன். ஒப்பந்த வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கெல்லாம் புது பாஸ்வேர்டு கொடுக்கும் பிழைப்பு. அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றப் போகிறார்கள் என்று கேன்டீனில் பேச்சு அடிபட்டது. ஒருநாள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பேச்சு உண்மைதான் என்று சொல்லிவிட்டார். நெட்வொர்க் பிரிவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வை எழுதித் தேறினால் அந்த இடத்துக்கு உன் பெயரைச் சொல்கிறேன், உன் ஒப்பந்தம் முடியும்வரைதான் அதைப் பிடித்து வைக்க முடியும் என்றார். தேறாவிட்டால் அந்த நாற்காலியும் இல்லை, இந்த நாற்காலியும் இல்லை. நான் அவர் முன்னால் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, டாய்லெட்டில் போய் நின்று நகத்தைக் கடித்தேன்.

படிப்பதற்கு ரௌட்டர் எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். லேப்டாப்பிலேயே சிமுலேட்டர் இருக்கிறது, காசில்லாமல் கிடைக்கிறது, திரையிலேயே பெட்டிகளை இழுத்துப் போட்டுக் கேபிள் மாட்டிக்கொள்ளலாம். நானும் அதில்தான் தொடங்கினேன். ஆனால் அலுவலகத்தில் நெட்வொர்க் பிரிவு ஆள் ஒருவர் என்னைச் சர்வர் அறைக்கு அழைத்துப் போய், கையில் ஒரு கேபிளைக் கொடுத்து, கன்சோல் ஓட்டையில் மாட்டு என்று சொன்னபோது நான் விழித்தேன் பாருங்கள், அந்த முழிப்பை மறக்க முடியவில்லை. ஒரு பெட்டி முழுக்க ஒரே மாதிரி ஓட்டைகள். சிமுலேட்டரில் ஓட்டையின் மேல் அம்பைக் கொண்டுபோனால் அதுவே தன் பெயரைச் சொல்லும். நிஜப் பெட்டி வாயைத் திறக்காது. அவர் கேபிளை வாங்கித் தானே மாட்டினார். அன்றைக்கே முடிவு செய்தேன், கையால் தொட்டுத்தான் படிப்பேன் என்று.

முடிவு செய்ததோடு புத்தி நிம்மதியாக இருந்ததா? இல்லை. எதை வாங்குவது என்பதில் பைத்தியம் பிடித்தது. பழைய மாடல் மலிவு, ஆனால் அதில் ஓடும் மென்பொருள் இன்றைய பாடத்திட்டத்துக்கு ஈடுகொடுக்காது. புது மாடல் ஈடுகொடுக்கும், ஆனால் பாதிக் கட்டளைகளுக்கு லைசன்ஸ் கேட்கும். ஒன்று போதும் என்பான் ஒருவன், மூன்று இல்லாமல் எதைப் படிக்க முடியும் என்பான் இன்னொருவன். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விளம்பரங்களைப் பார்ப்பேன், ஃபெடரல் ஹைவே ஜாமில் நிற்கும்போது பார்ப்பேன், அம்மா பேசும்போது மேசைக்குக் கீழே போனை வைத்துப் பார்ப்பேன். ஒன்றை முடிவு செய்து படுத்தால் காலையில் வேறொன்று நல்லதாகத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்துப் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். பூக்கடைகளைத் தாண்டி, ஒரு மாடிக் கடையில் பழைய கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். நான் கேட்ட மாடலைக் கேட்டுவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்து, படிக்கிற பிள்ளைக்கு எதுக்குமா இதெல்லாம், சிமுலேட்டர் போதும் லா என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. ஆணாக இருந்தால் இதைச் சொல்வீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் பதறிப்போய், ஐயோ தங்கச்சி, ஆம்பளைங்களுக்கும் அதைத்தான் சொல்றேன், ஒருத்தனும் கேக்கிறதில்லை என்றார். அவரிடம் இருந்த ஒரே ரௌட்டருக்கு மூடியே இல்லை. சமாதானமாக ஒரு வெளிர்நீலக் கன்சோல் கேபிளையும், அதை லேப்டாப்பில் மாட்டுவதற்கான அடாப்டரையும் வாங்கிக்கொண்டு இறங்கினேன். அந்த அடாப்டர் என் லேப்டாப்பில் வேலை செய்யவில்லை என்பது வேறு கதை. மலிவானது எல்லாம் அப்படித்தான், இரண்டாவதாக நல்லதாக ஒன்று வாங்க வேண்டியிருந்தது.

கடைசியில் பிளெண்டர் மாதிரி ஊளையிட்ட அந்தப் பெட்டி கிடைத்தது கிள்ளானை அடுத்த மேருவில். மூடப்போகும் ஒரு தொழிற்சாலையின் பழைய சாமான்களைக் காரின் பின்பக்கத்தில் வைத்து ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். ராக்கில் வைக்கிற பெரிய ரௌட்டர், கனமாக இருந்தால் நல்லது என்று எனக்கு அப்போது ஒரு எண்ணம். அவர் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த மாதிரிப் பெட்டிகளைத் தனி அறையில் பூட்டி வைப்பது எதனால் என்று வீட்டுக்கு வந்துதான் புரிந்தது.

எங்கள் வீடு கிள்ளானில் ஒரு பழைய தமான் குடியிருப்பில் ஒரு மாடி வரிசை வீடு. ஹாலில் அம்மாவின் தையல் மெஷின் இருக்கிறது. சேலைக்கு ரவிக்கை தைக்க அங்கேதான் ஆட்கள் வருவார்கள், போவார்கள், அளவு கொடுப்பார்கள், அரட்டை அடிப்பார்கள். அங்கே ரௌட்டர் வைக்க வழியில்லை. என் அறையில் வைத்துத் தூங்கவும் வழியில்லை. மிச்சம் இருந்தது சாமி அறை. சின்ன அறை, கதவு உண்டு, உபயோகிக்காத ஒரு ப்ளக் உண்டு. மேலே அலமாரியில் சாமி படங்கள், கீழே காலியாக ஒரு மரத்தட்டு. நான் கேட்டதும் அம்மா உடனே சரி என்றார். வேலைக்காகத்தானே, சாமி பார்த்துக்கொள்ளட்டும், கதவை மட்டும் சாத்திவை என்றார். நான் உள்ளே வைத்த அன்றே பெட்டியின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார். அலுவலகத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா வழக்கம்போல் சாம்பிராணி போட்டார். கதவைச் சாத்தினார். அந்த ஃபேன்களுக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது, அறையில் இருந்த புகை மொத்தத்தையும் உள்ளே உறிஞ்சிக்கொண்டன. அடுத்த வெள்ளியும், அதற்கடுத்த வெள்ளியும் இதே கதை. பெட்டி சூடாக ஆரம்பித்தது, ஊளை இன்னும் ஏறியது, பிறகு ஒருநாள் நான் பாதிப் பயிற்சியில் இருக்கும்போது தானே அணைந்துபோனது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பழுப்பாக ஒரு படலம், தொட்டால் பிசுபிசு என்று கையில் ஒட்டுகிறது, வாசனை மட்டும் அருமை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவிடம் கத்தினேன். சாமிக்குப் புகை போடாமல் உன் பெட்டிக்கா போடுவேன் என்று அவரும் கத்தினார். தேர்வு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, நான் இன்னும் பெட்டியையே தேர்ந்தெடுத்து முடிக்கவில்லை.

இரண்டாவது முறை தேடும்போது என் கேள்விகள் மாறிவிட்டன. இணையத்தில் எந்த அறிவாளியும் சொல்லாத அளவுகோல்கள். ஃபேன் இருக்கக் கூடாது, ஏனென்றால் வெள்ளிக்கிழமை உண்டு. மேல்பக்கம் காற்றுத் துளை இருக்கக் கூடாது, ஏனென்றால் விளக்கு எண்ணெய் சிந்தும், பூ உதிரும். மரத்தட்டில் அடங்க வேண்டும். அம்மா மந்திரம் சொல்லும்போது சத்தம் வரக் கூடாது. விற்கிறவரிடம் போனில், சாம்பிராணி தாங்குமா என்று நான் கேட்க, அந்தச் சீன இளைஞர் அது ஏதோ புது ஸ்டாண்டர்ட் என்று நினைத்துக்கொண்டு, செக் பண்ணிச் சொல்கிறேன் என்றார். ஃபேன் இல்லாத சின்ன ரௌட்டர் இரண்டு, எட்டு ஓட்டை உள்ள சுவிட்ச் ஒன்று என்று முடிந்தது. சின்ன அலுவலகங்களில் மேசை ஓரமாக வைக்கிற வகை. அதில் பாடத்திட்டம் எல்லாம் ஓடியது. பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணன் சொன்னதுபோல் மிச்சம் மீதிக்குச் சிமுலேட்டர் போதும். அம்மா இரண்டு ரௌட்டரில் ஒன்றுக்கு மட்டும் பொட்டு வைத்தார், இன்னொன்றின் முகப்பில் இடமில்லை.

இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. வேலை விட்டு வந்து, குளித்துவிட்டு, அம்மா விளக்கேற்றி முடித்ததும் நான் உள்ளே தரையில் உட்கார்ந்து கேபிளைக் கழற்றி மாட்டுவேன், பெட்டியை அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுவேன். விரல்களுக்கு ஓட்டைகள் பழகின. எனக்கே ஒரு தெம்பு வந்தது. அப்புறம் ஒரு காலை, வயிற்று வலியோடு எழுந்தேன். எழுந்ததும்தான் உறைத்தது, நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன் என்று.

அந்த நாள்களில் எங்கள் வீட்டில் சாமி அறைக்குள் போவதில்லை. இது எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து எடுத்துச் சொன்ன விஷயம் அல்ல, செருப்பை வெளியே விடுவதுபோல் பழகிய ஒன்று. இரண்டு பெண்கள் மட்டும் இருக்கிற வீடு. பெட்டியைச் சாமி அறையில் வைக்கலாமா என்று இரண்டு பேரும் பேசினோம், சூடு பேசினோம், ப்ளக் பேசினோம். மாதத்தில் சில நாள் நான் அந்த நிலைப்படியைத் தாண்ட முடியாது என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. இப்படி ஒரு புத்திசாலித்தனத்தை எங்கே போய்ச் சொல்வது!

நான் சாமி அறை வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். பெட்டிகளை எடுத்து வெளியே வைக்கட்டுமா என்று அவரே கேட்டார், ஆனால் கையை நீட்டவில்லை, கரண்ட் சாமான் என்றால் அவருக்குப் பயம். கட்டியிருந்த கேபிளையெல்லாம் பிரித்தால் மறுபடி கட்ட எனக்கு ஒரு நாள் போகும். சொல்லாமல் உள்ளே போயிருக்கலாமே என்று என் தோழி ஒருத்தி பிறகு கேட்டாள். போயிருக்கலாம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. நம்பிக்கை இல்லை என்று துணிந்து உள்ளே காலை வைக்கவும் முடியவில்லை. அம்மா தினமும் கண்மூடி நிற்கிற இடத்தில் நின்று நடிக்க எனக்கு வரவில்லை. ஆக, எல்லார் மேலும் கோபம். அம்மா மேல், சாமி மேல், என் வயிற்றின் மேல், அந்த மேனேஜர் மேல். அன்றைக்கு அம்மா கொடுத்த டீயைக்கூட வாங்காமல் வேலைக்குப் போனேன்.

ஜாமில் நின்றபோதுதான் யோசனை வந்தது. நிஜ என்ஜினியர்கள் யாரும் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. பெட்டி ஒரு ஊரில் இருக்கும், அவர்கள் வேறொரு ஊரில் இருந்துகொண்டு லைன் வழியாக உள்ளே நுழைந்து வேலை பார்ப்பார்கள். அந்தப் பாடத்தை நான் ஓட்டமாகப் படித்துத் தாண்டியிருந்தேன். பெட்டி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது அது எதற்கு என்று. அந்த நாள்கள் முடிந்ததும் முதல் வேலையாக ஹாலில் இருக்கும் வைஃபை பெட்டியிலிருந்து சாமி அறைக் கதவுக்கு அடியில் ஒரு கேபிளை இழுத்தேன். எல்லாப் பெட்டிகளுக்கும் பெயர், பாஸ்வேர்டு, பூட்டு, சாவி எல்லாம் வைத்தேன். அடுத்த மாதம் என் கட்டிலில் சாய்ந்துகொண்டே மூன்று பெட்டிகளையும் ஆட்டி வைத்தேன். அம்மாவுக்கும் நிம்மதி. நீ வெளியே இரு, அது உள்ளே இருக்கட்டும், இதுதான் நல்லது என்றார்.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. தேர்வு செவ்வாய்க்கிழமை. அன்று காலைதான் மறுபடி வயிற்று வலி வந்தது. தீபாவளி நெருங்கிவிட்டதால் அம்மாவுக்குத் தலைக்கு மேல் ரவிக்கை. நான் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, யாரை உள்ளே விடலாம் யாரை விடக் கூடாது என்று ரௌட்டருக்குச் சொல்லும் பாடத்தைச் செய்துகொண்டிருந்தேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நீங்கள் அனுமதிக்கிறவர்களின் பெயரை வரிசையாக எழுத வேண்டும். எழுதி முடித்ததும், வேறு யாருக்கும் அனுமதி இல்லை என்ற வரியை ரௌட்டர் தானே கடைசியில் சேர்த்துக்கொள்ளும். அந்த வரி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். எனக்குத் தெரிந்த பாடம்தான். கால் ஆட்டிக்கொண்டே, அடுத்ததுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில், எல்லாரையும் எழுதிய நான் என்னை எழுத மறந்துபோனேன். என்டர் தட்டினேன். திரை அப்படியே உறைந்தது. ரௌட்டர் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது.

நான் மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தேன். எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், சாமி அறை வாசல்வரை போய் நின்றேன். உள்ளே மரத்தட்டில் மூன்று பெட்டிகளும் பச்சை விளக்கு எரிய அமைதியாக இருந்தன. இரண்டு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது, ரௌட்டருக்காக அல்ல. ஒரு நாள் முழுக்க வீணாகப் போகிறது, செவ்வாய்க்கிழமை தோற்றுப்போவேன், இந்த வயதில் மறுபடி வேலை தேடி ஏறி இறங்குவேன் என்பதெல்லாம் அந்த வாசலில் வைத்துத்தான் மொத்தமாக நெஞ்சில் வந்து இறங்கியது. அம்மா மெஷினை நிறுத்தினார். என்ன என்று கேட்கவில்லை. பின்பக்கம் போய்க் காலைக் கழுவிவிட்டு வந்து, உள்ளே போய், திரும்பி நின்றார்.

"சொல்லு, என்ன செய்யணும்?"

அணைத்துவிட்டுப் போடச் சொன்னேன். சேமிக்காத மாற்றம் எல்லாம் அணைத்தால் அழிந்துபோகும், அதுதான் என் கணக்கு. எந்தப் பெட்டி என்று கேட்டார், பொட்டு வைத்த பெட்டி என்றேன். அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, பாம்பைப் பிடிப்பதுபோல் ப்ளக்கைப் பிடித்து இழுத்தார். மறுபடி செருகினார். விளக்குகள் எரிவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எரிந்தன. நான் லேப்டாப்பில் தட்டினேன். கதவு அப்போதும் சாத்தித்தான் இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, என் அவசரப் புத்தி எந்தக் கட்டளைக்குப் பின்னாலும் சேமிக்கிற கட்டளையைச் சேர்த்தே ஒட்டிவிடும். என் தலையில் நானே போட்டுக்கொண்டேன்.

இனி ஒரே வழி கன்சோல் கேபிள், பெட்டியோடு நேராகப் பேசுகிற வழி. நான் வாசலுக்கு வெளியே தரையில் லேப்டாப்போடு உட்கார்ந்து, வெளிர்நீலக் கேபிளின் ஒரு முனையை அடாப்டரில் மாட்டி, மறுமுனையை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் பின்பக்கம் குனிந்தார். எல்லா ஓட்டையும் ஒரே மாதிரி இருக்கிறதே என்றார். எனக்குச் சர்வர் அறையில் நான் விழித்தது ஞாபகம் வந்தது. நீலக் கலர் கோடு போட்டிருக்கும் ஓட்டை என்று சொன்னேன். முதலில் தப்பான ஓட்டையில் மாட்டினார். பிறகு சரியானதில் மாட்டினார், டக் என்று சத்தம் கேட்டது. திரையில் ரௌட்டரின் பெயர் வந்தது. நான் உள்ளே நுழைந்து அந்தத் தடையை எடுத்துவிட்டேன்.

அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முனை பொட்டு வைத்த பெட்டியில், மறுமுனை என் மடியில்.

"இந்த ஒயரு வழியா நீ இப்ப அதைத் தொட்டுக்கிட்டுதானே இருக்கே?"

வேலை பார்க்கிறேன்மா என்றேன். அவர் விடவில்லை. ஒயர் இல்லாமல், போன மாதம் கட்டிலில் படுத்துக்கொண்டு செய்தாயே, அப்போதும் இதைத்தானே செய்தாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாமி அறையில் இருக்கிறதை அந்த நாள்களிலும் நீ தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய், எனக்குத்தான் தெரியவில்லை என்றார். கோபமாகச் சொன்னாரா, ஆச்சரியமாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேபிளைக் கழற்றி, சுருட்டி, நிலைப்படிக்கு மேல் வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்பதா, வாதாடுவதா என்று புரியாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தவித்தேன். திங்கட்கிழமை லீவு போட்டிருந்தேன். அன்றும் அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. பெட்டிகளை வெளியே எடுக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன், அதையும் சொல்லவில்லை. படித்ததில் பாதி மண்டையில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சட்டையை இன் செய்துகொண்டு, பையில் அடையாள அட்டை ஐசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, கொமுட்டருக்கு நேரமாயிற்று என்று பறந்துகொண்டிருந்தேன். ஆரம்பப் பள்ளியிலிருந்து எந்தத் தேர்வுக்கும் நான் திருநீறு வைக்காமல் போனதில்லை. அந்த நாள்களில் வந்த தேர்வுகளைத் தவிர. அப்போதெல்லாம் அம்மா கேட் வரைக்கும் வந்து நிற்பார், அவ்வளவுதான். அன்றைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நான் செருப்பில் காலை விட்டபோது, சாமி அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. திருநீறு வைத்துவிட்டுப் போ என்றார்.

இன்னைக்கு மூணாவது நாள்மா என்றேன். தெரியும் என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் போய் நின்றேன். அவர் விளக்கைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"தொடுறதுன்னா தொடுறதுதான், அங்கேருந்து தொட்டா என்ன, உள்ள வந்து தொட்டா என்ன. ரெண்டு மாசமா தொட்டுக்கிட்டிருக்கே, விளக்கு எரிஞ்சிக்கிட்டுதான் இருக்கு. வா உள்ள. சாமி கேட்டுச்சுன்னா நான் பேசிக்கிறேன்."

நான் உள்ளே போனேன். நம்பிக்கை இல்லை என்று இத்தனை நாள் பேசியவள், வலது காலை எடுத்து வைத்துத்தான். அம்மா என் நெற்றியில் திருநீற்றைப் பூசிய விதத்தில் பாதி கண்ணிமையில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தேன். மூன்று பெட்டியிலும் பச்சை. நேரமாச்சு, கிளம்பு, ரயில் உனக்காக நிற்காது என்று முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

தேர்வு மையம் கோலாலம்பூரில் ஒரு கட்டடத்தின் மேல்மாடி. உள்ளே போகும் முன் போனை லாக்கரில் வைக்கச் சொல்லி, கண்ணாடியைச் சோதித்து, சட்டைக் கையை மடிக்கச் சொல்லி, ஒரு புகைப்படமும் எடுத்தார்கள். தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கடைசிக் கேள்வியை முடித்ததும் திரை ஒரு கணம் வெறுமையாக நின்றது, அந்த ஒரு கணத்தில் நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். பிறகு தேறியதாக வந்தது. வரவேற்பு மேசையில் அச்சடித்துக் கொடுத்த தாளில் என் படமும் இருந்தது, நெற்றியில் கோணலாகத் திருநீறு.

மாடிப்படியில் நின்று முதல் ஆளாக அம்மாவைக் கூப்பிட்டேன். மெஷின் ஓடும் சத்தத்தோடுதான் எடுத்தார். பாஸ்மா என்றேன். மெஷின் நின்றது. அழுகிறாரோ என்று நினைத்து, அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன்.

"இரு, சொல்லிட்டு வரேன்."

போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். சாமி அறைக் கதவு திறக்கிற கிறீச் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் உள்ளே என்ன பேசினார் என்பது கேட்கவில்லை, குரல் மெதுவாக இருந்தது, ரொம்ப நேரம் பேசினார். பிறகு மணி அடித்தார்.